நால்வருள் ஒருவர்

வயலின் என்றதும் நம் நேயர்களின் மனக்கண் முன் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. மேடையின் நடுவே பாடகர் அமர்ந்திருப்பார். அவருக்கு ஒரு பக்கத்தில் வயலின் வித்துவானும் மறுபக்கத்தில் மிருதங்க வித்துவானும் இருப்பர். பாடகர் ஒரு சங்கதியைப் பாட, வயலின் அதனை வாங்கித் திருப்பிச் சொல்லும். அவர் சற்று ஓயும்போது தன் கற்பனையைக் கொஞ்சம் விரிக்கும். அவர் மீண்டும் தொடங்கியதும் அடங்கி நிழல்போற் பின்தொடரும்.

மேனாட்டுச் சங்கீதத்திலே இதே வாத்தியம் மூன்று நிலைகளில் நின்று பேசுகிறது. பெரிய வாத்தியப் பிருந்தத்திலே பல வயலின்களுள் ஒன்றாக ஒலிப்பது முதலாவது நிலை. பிருந்தம் முழுவதும் துணைநிற்க, ஒருவர் தனித்து முன்னே நின்று வாசிப்பது இரண்டாவது. மூன்றுபேர், நான்குபேர் அல்லது ஐந்துபேர் மாத்திரம் கூடி, ஒருவருக்கொருவர் சமமாக அமர்ந்து வாசிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையைச் ‘சேம்பர் மியூசிக்’ என்பார்கள். பெருமண்டபத்துக்கன்றிச் சிறு கூடத்துக்கென எழுந்த இசையாதலின், நாம் அதனைச் சிற்றவைச் சங்கீதம் எனலாம்.

இம்மூன்று நிலைகளிலும் தேர்ந்து, நல்லாசிரியராகவும் சாகித்தியகர்த்தாவாகவும் விளங்கிய ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் அடொல்ப் புஷ் என்னும் ஜேர்மானியர். பல துறைகளிலும் வல்லவர் என்று ஒருவரைப் புகழ்வது எளிது. அந்த வல்லமை எல்லாவற்றுக்கும் அடியில் நின்ற பண்பு யாது, அது அவரை எங்கே கொண்டு சென்றது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

புஷ் 1891ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி வெஸ்ற்பாலியாப் பகுதியிலுள்ள ஸீகன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் தச்சுவேலை கற்றுப் பின்னர் வயலின் செய்யும் தொழிலில் ஈடுபட்டவர். செல்வமில்லாத குடும்பம். நடனக் கூடங்களிலே வாசித்து வருவாய் தேடத் தந்தைக்குப் பிள்ளைகள் துணைசெய்தனர். மூத்தவர் பிறிட்ஸ் பின்னாளிற் புகழ்பெற்ற பிருந்த நடத்துநரானார். இளையவருள் ஒருவரான ஹேர்மன் செலோ வித்துவானானார்.

பதினோராம் வயதில், 1902இல், அடொல்ப் கொலோன் நகர இசைக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்பித்த வில்லி ஹெஸ், பிராம் எல்டெரிங் ஆகிய இருவரும் ஜோசப் யோவாகிமின் மாணாக்கர். யோவாகிம் என்பவர் பிராம்ஸின் உயிர் நண்பர். பிராம்ஸின் வயலின் கொன்சேட்டோவை 1879இல் முதன்முதலாக மேடையேற்றியவர். தம் பெயரால் நால்வர் குழு ஒன்றை நெடுங்காலம் நடத்தியவர். நாம் குருபரம்பரை என்று போற்றுகிறோமே, அதுபோன்ற ஒன்று அங்கும் உண்டு. கைத்திறனை மட்டுமன்றி, சாகித்தியகர்த்தா எழுதியதற்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் மனப்பாங்கையும் அந்தப் பரம்பரை இளம் புஷ்ஷுக்கு வழங்கியது.

1912இல் அவர் வியன்னா சென்று அங்குள்ள ஒரு பிருந்தத்தின் முதல் வயலினாக அமர்ந்தார். வயதோ இருபத்தொன்று. அங்கேயே தமது முதலாவது நால்வர் குழுவையும் அமைத்தார். 1918இல் பேர்லின் இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்கல்லூரியின் முதல் தலைவராக விளங்கியவர் யோவாகிம் என்பதை எண்ணும்போது, மாணாக்கரின் மாணாக்கர் தம் பாட்டனார் வீட்டுக்கே திரும்பியதுபோல நமக்குத் தோன்றுகிறது. முதலாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1919இல், ‘புஷ் நால்வர் குழு’ உருவாயிற்று. சில ஆண்டுகளில் இரண்டாவது வயலினில் கோஸ்ற்றா அன்றியாசன், வியோலாவில் கார்ல் டொக்டர், செலோவில் பவுல் குறூமர் என்று அக்குழு நிலைபெற்றது. 1930இற் குறூமரின் இடத்துக்குத் தம்பி ஹேர்மன் வந்தார்.

நால்வர் குழு எவ்வாறு இயங்குகிறது என்பதை இங்கே விளக்குவது பொருத்தமாகும். அங்கே தடி பிடித்து நடத்துபவர் இல்லை. முதல் வயலின்காரர் மூச்சை உள்ளே வாங்குவதையும் வில்லைச் சிறிதே உயர்த்துவதையும் பார்த்து மற்ற மூவரும் தொடங்குவர். ஒரு பாட்டு முதல் வயலினில் தோன்றும். சில கணங்களில் அது வியோலாவுக்குப் போய்விடும். பின்னர் செலோவின் அடிக்குரலுக்கு இறங்கும். பாட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் உயரவேண்டும், ஏனையோர் தாழவேண்டும். அடுத்த கணமே அந்த ஒழுங்கு மாறும். எனவே தன் பகுதியைப் பிழையின்றி வாசிப்பது பாதி வேலைதான். மற்ற மூவரையும் இடையறாது கேட்டுக்கொண்டிருப்பதே மீதிப் பாதி. பாடசாலையிற் சேர்ந்திசை பழக்கிய ஆசிரியர் எவரும் இதன் அருமையை உணர்வர். தன் குரல் எழவேண்டும் என்று விரும்பாத பிள்ளை இல்லை. பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டே பாடு என்று பழக்குவதற்கு ஒரு தவணை முழுவதும் போதாது.

புஷ் இந்தப் பாடத்தை முற்றாகக் கற்றவர். அவருடைய வயலின் நாதம் தேன்போல இழையும் நாதமன்று. இனிமைக்காகவே இனிமையை அவர் நாடவில்லை. கீர்த்தனம் ஒன்றைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழு உருவமாக நெஞ்சில் வைத்துப் பாடும் வித்துவானைப்போல, ஒரு படைப்பின் முழுக் கட்டுக்கோப்பையும் அவர் கண்முன் நிறுத்தி வாசித்தார். பீற்றோவன் தம் இறுதிக் காலத்தில் இயற்றிய நால்வர் இசைகளும், ஷூபேட், பிராம்ஸ் ஆகியோரின் படைப்புகளும் 1930களில் அவரது குழுவினால் இசைத்தட்டுகளிற் பதிவாயின. தட்டின் ஒரு பக்கம் நாலைந்து நிமிடமே ஓடிய காலம் அது. நீண்ட இசையைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தித்தான் பதிவுசெய்ய முடியும். அப்படியிருந்தும் கேட்பவருக்கு அது ஒரே மூச்சாக ஒலிக்கிறது. 1935இல் இலண்டனிலே, தாமே வயலினிலிருந்து வழிநடத்திய சிறு பிருந்தத்துடன், பாஹ் இயற்றிய ஆறு பிராண்டன்பேர்க் கொன்சேட்டோக்களையும் பதிவுசெய்தார். மிகப் பெரும் பிருந்தங்களில் வாசித்துப் பழகிவிட்ட அந்த இசையை அளவான குழுவில் மீண்டும் தெளிவாகக் கேட்கச் செய்த முயற்சி அது.

இனி, அவருடைய வீட்டுக்குள் ஒருமுறை நுழைவோம். 1920இல் ருடொல்ப் சேர்க்கின் என்னும் பதினேழு வயதுப் பியானோ வித்துவான் புஷ் குடும்பத்துடன் வந்து சேர்ந்தார். அவர் யூத குலத்தவர், வறிய குடும்பத்தவர். புஷ் அவரைப் பிள்ளையாகவும் வாத்தியத்திற் சமதையாகவும் ஏற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஐரோப்பா எங்கும் வாசித்தனர். பின்னாளில், 1935இல், புஷ்ஷின் மகள் ஐறீனை சேர்க்கின் மணந்தார். 1927இற் குடும்பம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1929இல், அமெரிக்காவிலிருந்து ஒரு சிறுவன் பாடங் கேட்க வந்தான். அவனே யெஹூதி மெனுஹின். பிற்காலத்தில் இந்திய இசையை உள்ளன்போடு அணுகி, பண்டிதர் ரவிசங்கருடன் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்த அந்த மெனுஹினும் புஷ்ஷின் மாணாக்கருள் ஒருவரே என்பது நம் நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1933ஆம் ஆண்டு வந்தது. ஜேர்மனியின் ஆட்சி ஹிட்லர் கைக்குப் போயிற்று. மார்ச் மாதத்தில், ட்றெஸ்டன் நகர இசைநாடக அரங்கிலே பிறிட்ஸ் புஷ் நடத்துமேடை ஏறியபோது, நாசிக் கட்சியினர் கூச்சலிட்டு அவரைத் துரத்தினர். ஏப்ரல் 1ஆம் திகதி நாடெங்கும் யூதரின் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு கட்டளை பிறந்தது. அன்று பேர்லினில் இருந்த புஷ் நால்வர் குழு, இயேசுநாதர் சிலுவையில் மொழிந்த ஏழு திருவசனங்களைப் பொருளாகக் கொண்டு ஹைடன் இயற்றிய இசையை வாசித்தது. அத்துடன் சரி. தெருவிற் கண்ட காட்சிகளால் மனம் நொந்த புஷ், ஜேர்மனியில் தமக்கு ஒழுங்குசெய்யப்பட்டிருந்த எஞ்சிய கச்சேரிகள் அனைத்தையும் கைவிட்டார்.

நேயர்களே, இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். புஷ் யூதர் அல்லர். நாசிகள் பெருமையோடு தமதென்று காட்ட விரும்பிய தூய ஜேர்மானியக் கலைஞர் அவர். அந்நாட்டு வயலின் வித்துவான்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். அவர் வாய்திறவாது இருந்திருந்தால் போதும். பதவியும் பொருளும் தாமே தேடி வந்திருக்கும். அவரோ தம் வருவாயின் பெரும்பகுதியையும், தம் மொழி பேசும் சபையையும் ஒரே நாளில் இழக்கத் துணிந்தார். 1935இற் சுவிஸ் குடியுரிமை பெற்றார். 1938இல் இத்தாலியும் யூதருக்கு எதிரான சட்டங்களை இயற்றியபோது அந்நாட்டு மேடைகளையும் துறந்தார். வேறுபல கலைஞர், சங்கீதத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்று சொல்லித் தத்தம் இடங்களில் அமர்ந்திருந்தனர். அந்த வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது; குடும்பமும் தொழிலும் உள்ளவர்க்கு அது பெரிய சோதனை. ஆனால் நாள்தோறும் மற்றவர் குரலைக் கேட்டே வாசித்துப் பழகிய ஒருவருக்கு, தம்மோடு சேர்ந்து வாசிப்போரை அரசு மேடையிலிருந்து அகற்றும்போது, கேளாதவர்போல் இருக்க இயலவில்லை. இதுவே நான் அவர் வாழ்விலிருந்து கொள்ளும் பொருள்.

அந்தத் துறவு கொடுமையைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதும் உண்மையே. அதற்கான விலையை அவரே கொடுத்தார். 1939இல் அவர் அமெரிக்கா சென்றார். அந்நாட்டு இரசிகர், மின்னல்போற் சுழலும் தனி வித்துவான்களின் வேகத்துக்குப் பழகியவர்கள். புஷ்ஷின் ஆழ்ந்த, அடக்கமான வாசிப்புக்கு ஐரோப்பாவிற் கிடைத்த ஆதரவு அங்கே கிடைக்கவில்லை. உடல்நலமும் தளர்ந்தது. 1946இல் மனைவி பிறீடா காலமானார். எனினும் நால்வர் குழுவைக் கைவிட்டாரல்லர். போருக்குப் பின் 1951இல் அக்குழு ஜேர்மன் மண்ணிலும் வாசித்தது.

அதே 1951ஆம் ஆண்டு, வெர்மொண்ட் மாநிலத்தின் மலைச் சிற்றூராகிய மார்ல்பரோவிலே, புஷ் சகோதரர் இருவரும் சேர்க்கினும் மோய்ஸ் குடும்பத்தாரும் கூடி ஒரு கோடைகால இசைப்பள்ளியை நிறுவினர். பாற்பண்ணையாக இருந்து கல்லூரியாக மாறிய இடம் அது. அங்கே ஆசிரியர் முன்னே நின்று கற்பிக்க, மாணவர் கீழே இருந்து கேட்பதில்லை. மூத்த வித்துவானும் இளைஞரும் ஒரே குழுவில் அருகருகே அமர்ந்து, ஒரே படைப்பை வாரக்கணக்காகப் பயிலுவர். கச்சேரி நடக்கவேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை. அப்பள்ளி தொடங்கி ஓராண்டு சென்றபின், 1952 ஜூன் 9ஆம் திகதி, அறுபது வயதில் புஷ் மறைந்தார். சேர்க்கின் 1991இல் தாம் மறையும்வரை அதனைக் காத்து வளர்த்தார். இன்றும் ஒவ்வொரு கோடையிலும் இளங்கலைஞர் அங்கே கூடுகின்றனர்.

புஷ்ஷின் பழைய ஒலிப்பதிவுகள் பிற்காலத்தில் இறுவட்டுகளாகவும் வெளிவந்தன. அவற்றைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், பீற்றோவனின் நால்வர் இசை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முறை கேட்கும்போது முதல் வயலினைத் தொடர்ந்து செல்லுங்கள். இரண்டாம் முறை அதனை விட்டு, நடுவே ஒலிக்கும் வியோலாவைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் குரலுக்கு இடம்விட்டு, புகழ்பெற்ற அந்த முதல் வயலின் எவ்வளவு மெல்லத் தாழ்கிறது என்பது அப்போது உங்கள் காதுக்குப் புலப்படும்.