கண் கூறும் விடை

பேசாத குழந்தையைக் கண்டவுடன், ‘இதற்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். சொல்லை உணர்தல் வேறு. அதனை வாயாற் கூறுதல் வேறு. ஆட்டிஸம் முதலிய வளர்ச்சிக் குறைபாடுடைய சிறார் பலர்க்குப் பேசுதலும், விரலாற் சுட்டுதலும் அரியனவாம். விடை வாராமையால் அவர்தம் அறிவு குறைத்து மதிக்கப்படுகின்றது.

இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று பார்வையை அளத்தல். திரையில் பசுவின் படமும் ஏரின் படமும் தோன்ற, ‘பசு எங்கே?’ என்று ஒரு குரல் வினவும். கருவி வீசும் அகச்சிவப்பொளி விழியிற் பட்டு மீளும் புள்ளியையும், கண்மணியின் நடுவையும் கொண்டு பார்வை விழுமிடம் கணிக்கப்படும். சொல்லைக் கேட்டபின் பார்வை பசுவின்பால் மிகுமாயின், அச்சொல் விளங்கிற்று எனலாம். ஒருமுறை பார்த்தது தற்செயலாகலாம். ஆதலின் பல சொற்களால், படங்களை இடம் மாற்றிச் சோதித்தல் வேண்டும்.

1987-இல் அமெரிக்காவில் காலின்காஃப், ஹிர்ஷ்-பாசெக் முதலியோர் பேச்சு முதிராத மழலையரிடத்து இத்தகைய முறையின் பயனைக் காட்டினர். தில்லியில் வல்லுநரல்லாத பணியாளர் 131 குழந்தைகளிடத்துக் கைக்கணினியாற் பார்வை முதலியவற்றை அளந்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அது மொழிச் சோதனையன்று. எனினும், பெருநகர மருத்துவமனைக்கு எட்டாத நம் கொங்குச் சிற்றூர்களுக்கும் இத்தகைய கருவி செல்லக்கூடும் என்பதை உணர்த்துகின்றது.

ஒன்று மறவற்க: பசுவை நோக்காத குழந்தை அச்சொல்லை அறியாததென்று துணிதலாகாது. களைப்பும், கவனக் குறைவும், பார்வைக் குறையும் காரணமாகலாம். கருவி துணையேயன்றித் தீர்ப்பன்று.

கண்ணோட்டம் என்னுஞ் சொல்லை வள்ளுவர் இரக்கத்திற்கு வழங்கினார். குழந்தையின் கண் ஓடுமிடத்தை அளப்பார்க்கும் அக்கண்ணோட்டமே முதற் கருவியாம்.