வலிக்கு முன்னால் வர வேண்டிய உரிமை

ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்கும். நெசவாளர் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிக்கிறார். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கிறது. மறு கை அச்சை இழுத்து அடிக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண் பிடித்துவிட வேண்டும். கை, கால், கண் மூன்றுக்கும் ஓயாத வேலை. அசையாமல் இருப்பது இடுப்பு மட்டும்தான்.

அந்த அசையாமைதான் சிக்கல். நம் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே 23 வட்டுகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதனின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்து எலும்புவரை வரும் இரத்தத்திலிருந்து சத்து மெல்லக் கசிந்துதான் அதற்குள் சேர வேண்டும். பகலில் உடலின் பாரம் வட்டிலுள்ள நீரைப் பிழிகிறது. இரவில் படுத்ததும் நீர் மறுபடி ஊறுகிறது. காலையில் இருந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருப்பது இதனால்தான். பாரமும் ஓய்வும் மாறி மாறி வந்தால் வட்டு பிழைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் முன்குனிந்தே இருந்தால் பிழிவது நடக்கும், ஊறுவது நடக்காது.

இன்னொரு வியப்பும் உண்டு. வட்டின் நடுப்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. வெளி வளையத்தில்தான் இருக்கின்றன. உள்ளே தேய்மானம் தொடங்கி வெகுகாலம் ஆகியிருக்கலாம். உடல் வாய் திறக்காது. வலி வரும்போது கதை பாதி முடிந்திருக்கும்.

கண்ணும் அப்படித்தான். அருகில் பார்க்க விழிவில்லை தடிக்க வேண்டும். நாற்பது வயதை ஒட்டி அது விறைத்துப்போகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். செய்தித்தாளை எட்டிப் பிடித்துப் படித்துவிடலாம். மயிர் போல மெல்லிய பட்டிழையை எட்டிப் பிடித்துப் பிணைக்க முடியாது. இதுவும் வலிக்காது. வேலை மட்டும் தாமதமாகும், கூலி குறையும்.

இப்படிச் சத்தமில்லாமல் தேயும் உடலுக்குச் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். மருத்துவம் குடிமகனின் உரிமையா? நம் அரசியலமைப்பில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது 47ஆவது பிரிவு. அது வழிகாட்டு நெறிதான், அதைக் காட்டி நேரே வழக்குப் போட முடியாது. ஆனால் வாழ்வுரிமை தரும் 21ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் விரித்துப் பொருள் கொண்டது. 1995இல் கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில், உழைப்பவரின் உடல்நலமும் மருத்துவமும் அடிப்படை உரிமை என்றது. 1996இல், ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சையை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. 2023இல் ராஜஸ்தான் சுகாதார உரிமைக்கென்றே சட்டம் இயற்றியது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

உரிமை இருக்கிறது. ஆனால் அதன் கதவு எப்போது திறக்கிறது? தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டம் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்கானது. முன்னறையில் கணவனும் மனைவியும் நெய்யும் தறி, சட்டத்தின் கண்ணில் வீடு. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. அது பெரும் உதவி. ஆனால் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில்தான் அது தொடங்குகிறது. 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தான் திசையை மாற்றியது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வாசலுக்கே வருகின்றன.

அந்தத் திசையில் இன்னும் நடக்கலாம். அசாமில் நாற்பது வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கிட்டத்துப் பார்வைக்கான கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களுடையதைவிடச் சுமார் 22 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. அறுவை சிகிச்சை இல்லை, மாத்திரை இல்லை. ஒரு மூக்குக் கண்ணாடி. தேயிலைக் கொழுந்தைவிடப் பட்டிழை எவ்வளவு மெல்லியது!

வலித்த பிறகு கிடைப்பது மட்டுமே உரிமை என்றால், சத்தமில்லாமல் தேயும் உடலுக்கு அதில் பங்கில்லை. ஆரணிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை நெய்பவர் பாவும் ஊடையும் வாங்கப் போகும் கூட்டுறவுச் சங்கத்திலேயே ஆண்டுக்கொரு முறை கண்ணையும் முதுகையும் பார்த்து அனுப்பினால், தீர்ப்பில் எழுதிய உரிமை தறிமேடை வரை வந்து சேரும்.