தார்ச்சாலையும் தண்ணீர்த் தராசும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை மேல் ஏறிச் செல்லும் பேருந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சோளக்காட்டை அடைகிறது. ஒவ்வொரு வளைவிலும் நம் உயிரைத் தாங்கி நிற்பது ஓட்டுநரின் திறமை மட்டுமன்று. சக்கரத்தின் கீழுள்ள சில அங்குலத் தார்க்கலவையும்தான். அக்கலவை உறுதியானதா என்று அறிய அறிஞர்கள் வகுத்துள்ள சோதனைகளையும், அவற்றின் வாயிலாக முதிய ஆசிரியனாகிய நான் கற்ற ஒரு பாடத்தையும் இன்று கூற விரும்புகிறேன்.

உழவர்கள் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவீர்கள். தண்ணீரில் ஒரு கோழி முட்டையை இட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைப்பர். பின்பு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மேலே மிதக்கும். முற்றிய மணி அடியில் தங்கும். பொருளின் எடைக்கும், அதே பருமனுள்ள நீரின் எடைக்கும் உள்ள விகிதமே ஒப்படர்த்தி. இது வெறும் எண். இதற்கு அலகு இல்லை. நீரின் ஒப்படர்த்தி 1. தாரினுடையது அதற்குச் சற்றே மேல். கொல்லிமலையின் பாறையான சார்னோக்கைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.7.

தார்க்கலவை என்பது ஜல்லி, மணல், கல்தூள், தார் ஆகியவற்றின் சேர்க்கை. இவற்றோடு நாம் அழைக்காமலே வந்து சேரும் விருந்தாளி ஒன்றுண்டு, அதுவே காற்று. மிளகைப் படியில் அளக்கும்போது மணிகளுக்கிடையே வெற்றிடம் நிற்பதுபோல், உருளை யந்திரத்தால் அழுத்திய பின்பும் சாலையில் நுண்ணிய இடைவெளிகள் எஞ்சுகின்றன. கலவையை வகுக்கும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை இடைவெளி அமையுமாறு வகுப்பது வழக்கம். மிகக் குறைந்தால், வெயிலில் விரியும் தாருக்கு ஒதுங்க இடமின்றி மேலே கசிந்து சாலை வழுக்கும். மிகுந்தால், இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து மழைநீருக்கு வழிவிடும். நீர் புகுந்து கல்லைவிட்டுத் தாரைப் பிரிக்கும். சக்கரம் எஞ்சிய வேலையை முடிக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத இக்காற்றை அளப்பது எவ்வாறு? இரண்டு சோதனைகள் வேண்டும்.

முதலாவது, ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி. போட்ட சாலையிலிருந்து 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டொன்றைத் துளையிட்டு எடுப்பர். உலர்ந்த நிலையில் அதன் எடை 720 கிராம் என்க. தராசின் அடியில் ஒரு கம்பிக் கூடையைத் தொங்கவிட்டு, 25 பாகை வெப்பமுள்ள நீரில் அத்துண்டை மூழ்கவைத்து நிறுத்தால் 423 கிராம். வெளியே எடுத்து, ஈரத்துணியால் மேற்பரப்பை மட்டும் ஒற்றி உடனே நிறுத்தால் 723 கிராம். பின்னிரண்டின் வேறுபாடாகிய 300 துண்டின் பருமன். 720ஐ 300ஆல் வகுத்தால் 2.40. காற்றையும் உட்கொண்ட ஒப்படர்த்தி இதுவே.

இரண்டாவது சோதனையை வகுத்தவர் ஜேம்ஸ் ரைஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். ஆங்கிலத்தில் அப்பெயர் அரிசியைக் குறிப்பதால், ‘ரைஸ் சோதனை’ என்றதும் நான் உலைப்பானையையே நினைத்தேன்! அழுத்தாத கலவையைக் கையால் உதிர்த்து, கனத்த சுவருடைய பாத்திரத்திலிட்டு, நீரால் மூடி, பம்பு கொண்டு காற்றை உறிஞ்சுவர். பாத்திரம் கால்மணி நேரம் குலுங்க, குமிழிகள் கிளம்பியவண்ணம் இருக்கும். பிறகு பாத்திரத்தை நீரால் நிரப்பி நிறுப்பர். 1500 கிராம் கலவை 600 கிராம் நீரின் இடத்தைக் கொண்டால், ஒப்படர்த்தி 2.50. இது காற்று நீங்கிய கலவையின் எண். 2.50க்கும் 2.40க்கும் உள்ள வேறுபாடு 0.10, அது 2.50இல் நூற்றுக்கு நான்கு. சாலை நன்று.

இனி என் பாடத்திற்கு வருகிறேன். மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், மாணவர்கள் இரும்பின் ஒப்படர்த்தியைக் கண்டறிவர். புத்தகத்தில் 7.8 என்றிருக்கும், பையனுக்கு 7.1 வரும். ஆய்வாளர் வரும் நாள் நெருங்கிவிட்டால், “எடையைச் சற்றுத் திருத்தி எழுது” என்று சொல்லியிருக்கிறேன். அதைக் குற்றமென அன்று நான் கருதவில்லை.

அவ்வகுப்பில் மலைக்கிராமத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஓராண்டு ஐப்பசி மழையில் அவனூர்க் கிளைச்சாலை பெயர்ந்து பேருந்து நின்றது. அரையாண்டுத் தேர்வுக்கு இருட்டிலேயே புறப்பட்டு நடந்துவந்தான். இரண்டு தேர்வுகளுக்கு வந்துசேர இயலவில்லை. பிற்காலத்தில் அவனே சாலைப் பணியிடமொன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனானான். ஓய்வுபெற்ற பின் ஒருநாள் அவனைக் காணச் சென்றேன்.

அன்று அவன் நிறுத்த துண்டு உலர்நிலையில் 690 கிராம், நீரில் 395, ஒற்றி எடுத்தபின் 695. ஒப்படர்த்தி 2.30, இடைவெளி நூற்றுக்கு எட்டு. ஒப்பந்தக்காரரின் ஆள் அருகில் நின்று, “தம்பி, இன்னும் கொஞ்சம் நன்றாகத் துடைத்துப் பாரேன்” என்றார். அதன் சூட்சுமம் எனக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் துளைகளிலுள்ள நீரும் வெளியேறிவிடும். அந்த 5 கிராமும் போனால் பருமன் 295 ஆகக் குறையும். இடைவெளி எட்டிலிருந்து ஆறரைக்கு அருகில் இறங்கும். சாலை மாறாது, தாளிலுள்ள எண் மட்டும் மாறும்.

அவன் எட்டு என்றே எழுதினான். பிறகு என்னை நோக்கி, “ஐயா, தேர்வுக்கு வராமல் போன இரண்டு நாளும் இந்த ஐந்து கிராமில்தான் இருந்திருக்கும்” என்றான். எடையைத் திருத்தி எழுதச் சொன்னதை அவன் நினைவூட்டவில்லை. எனக்கோ அது ஒன்றுதான் நினைவிற்கு வந்தது.

ஆசிரிய நண்பர்களே! பையனுக்கு 7.1 வந்தால் 7.1 என்றே எழுதவிடுங்கள். ஏன் குறைந்தது என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள்: நூலில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கலாம், இரும்பு தொட்டியின் அடியைத் தொட்டிருக்கலாம். அத்தேடலே விஞ்ஞானம். மலைமீது பேருந்து ஏறும்போது, ஈரத்துணியை ஒழுங்காகப் பிடித்த ஏதோ ஒரு கையை நம்பியே நாம் அமர்ந்திருக்கிறோம்.