'சேலோஸ்' என்னும் சொல்லும் மதுரைப் பூசலும்

மெய்ஞ்ஞானத்திற்குப் பகையாவன இரண்டு என்பது யாக்கோபு திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் உணர்த்துவதாகும். கிரேக்க மூலத்தில் அவை 'சேலோஸ்', 'எரிதெயியா' எனப்படும். பின்னது, முறைகேடாகப் பதவி தேடுதலைக் குறிக்க அரிஸ்டாட்டில் ஆண்ட சொல். முன்னதோ பொறாமைக்கும் உரியது, சமய ஆர்வத்திற்கும் உரியது. தமிழில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்மையின், மொழிபெயர்ப்பில் இவ்விருபொருள் மறைந்துவிடுகின்றது.

அவ்விருபொருளை மதுரை வரலாற்றில் காணலாம். 1595 முதல் மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாந்தசு, உள்ளூர் மக்களிடையே பயன் காணவில்லை. 1606இல் வந்த இராபர்ட் தெ நொபிலியோ காவியுடுத்து, புலால் நீத்து, பிராமணர் சிலரையும் தம்பால் ஈர்த்தார். 1610இல் பெர்னாந்தசு மேலிடத்திற்கு முறையிட்டார். இதனைப் பொறாமை என்றே கூறி முடிப்பாருளர்; யாம் அவ்வாறு துணியோம். பூணூலும் குடுமியும் குலச் சின்னங்களா, சமயச் சின்னங்களா என்பது மெய்யான வினாவே. அதன்பொருட்டு 1616இல் அவர் பிராமணர் சடங்குகளைப் பற்றிப் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய விரிவான நூலை இன்றும் ஆய்வாளர் போற்றுவர். வெறும் பொறாமை இத்துணை உழைக்குமோ?

1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அச்சின்னங்களை நிபந்தனைகளுடன் ஏற்றார். நொபிலி வென்றார். எனினும் திருமுகம் நோக்குவது வெற்றியை அன்று, சாந்தத்தையும் இணக்கத்தையுமேயாம். தாம் பறங்கியர் அல்லர் என அறிவித்து, ஒரே சபையினராகிய மூத்தவரை விட்டுத் தனித்து வாழ்ந்த நொபிலியும் அவ்வுரைகல்லுக்குப் புறம்பானவர் அல்லர்.