நீரிழிவு நோயாளரின் பாதமும் தொடு உணர்ச்சியும்

நீரிழிவு நோயுற்ற ஒருவர் நடந்து செல்கையில், செருப்பு காலினின்று நழுவியதை அறியாமல் சில அடிகள் மேலே செல்வதுண்டு. வீட்டார் இதனை மறதி என்பர். பாதத்து நரம்புகள் உணர்விழந்தமையே உண்மைக் காரணமாதல் கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, 2021-இல் நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என மதிப்பிட்டது. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பின் நரம்பிழைகளும் அவற்றிற்கு ஊட்டமளிக்கும் நுண்குழாய்களும் கெடுகின்றன. முதுகெலும்பருகிலிருந்து கால்விரல் வரை செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. நீண்ட இழையே முதலில் நலிவதால், குறை இரு கால்களின் விரல் நுனிகளில் தோன்றி மேலேறுகிறது. சிலருக்கு இரவில் எரிச்சல் உண்டு. பலருக்கு யாதொரு குறியும் இராது. வலியில்லாத இப்பாதமே பேரபாயத்துக்குரியது. முள் தைத்ததும் தெரியாது; புண் புரையோடிக் காலையே இழக்க நேரிடலாம்.

மருத்துவமனைகளில் விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்து அதிர்வுணர்ச்சியை ஆராய்வர். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையும் பயன்படுகிறது; எனினும் அது காட்டும் குறை சற்று முற்றியதேயாகும். சூடு, குளிர், ஊசிக்குத்து ஆகியவற்றை உணரும் மெல்லிய இழைகள் அதற்கு முன்பே கெட்டிருக்கக் கூடும்.

கருவி எதுவும் இல்லாத இடத்திலும் சோதனை இயலும். 2011-இல் வெளியிடப்பெற்ற, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரப் பெயரால் வழங்கும் முறையில் விரல் ஒன்றே போதும். நோயாளி கண்களை மூடிக்கொள்ள, இரு பாதங்களிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் நுனியை ஓரிரு விநாடி மெல்லத் தொடவேண்டும். உணர்ந்தவுடன் அவர் 'வலம்', 'இடம்' எனக் கூறுவார். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடின் பாதுகாப்புணர்ச்சி குறைந்ததெனக் கொள்ளலாம். அழுத்துதலும், குத்துதலும், தொட்ட விரலை மீண்டும் தொடுதலும் கூடா. ஒவ்வொரு தொடுகைக்கும் "தெரிகிறதா?" என வினவுவது பெரும் பிழை, மரியாதை கருதியே பலர் "தெரிகிறது" என்பர்.

மரத்த கால் யாவும் நீரிழிவினாலன்று. மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோரிடம் வைட்டமின் பி-12 குறைந்தும் இந்நிலை வரலாம். ஒரு காலில் மட்டும் மரத்த தேமல் காணின் தொழுநோயையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இரண்டாம் வகை நீரிழிவில் நோய் கண்டபொழுதே சோதனை தொடங்குதல் வேண்டும். முதல் வகையில் ஐந்தாண்டு கழித்துத் தொடங்கலாம். பின்னர் ஆண்டுதோறும் செய்க. குறை காணப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்புவதோடு, வெறுங்காலுடன் நடவாதிருக்கவும், குளிக்கும் நீரின் சூட்டைக் காலாலன்றி முழங்கையால் அறியவும், இரவுதோறும் உள்ளங்காலை நோக்கவும் வீட்டாருக்கும் சேர்த்தே கூறுதல் நலம்.