ஒரு பொருள், பல செயல்கள்: க்ளோஜர் நிரல்மொழியின் தொடரமைப்புகள்

திறவுச்சொற்கள்: சார்பு நிரலாக்கம், க்ளோஜர், வினையெச்ச அடுக்கு, மாறாத் தரவு

முன்னுரை

ரிச் ஹிக்கி வடிவமைத்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட க்ளோஜர், ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மீது இயங்கும் சார்பு நிரலாக்க மொழியாகும். இம்மொழியின் சொந்தத் தரவமைப்புகள் மாறாத் தன்மை உடையவை. ஓர் அட்டவணையில் புதிய பதிவைச் சேர்த்தால் பழைய அட்டவணை அவ்வாறே நிற்க, புதியதோர் அட்டவணை விளைவாகக் கிடைக்கும். எனினும், இதில் நிரல் எழுதுவோர் ஜாவா நூலகங்களின் மாற்றத்தக்க பொருள்களையும் கையாள நேர்கிறது. ஆகவே, ஒரு பொருளின் மீது பல செயல்களை அடுத்தடுத்து நிகழ்த்தும்போது, இரண்டாம் செயலுக்குக் கையளிக்கப்படுவது அப்பொருளா, முதற்செயலின் விளைவா என்னும் வினா எழுகிறது.

விளைவும் பொருளும்

'அரிசியைக் கழுவி, ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்தாள்' என்னும் தொடரில் ஒவ்வொரு வினையும் முந்தைய வினையின் விளைவை ஏற்கிறது. புளிப்பது அரிசியன்று, மாவு. 'குழந்தையை நீராட்டி, உடுத்தி, பொட்டிட்டு, அனுப்பினாள்' என்பதிலோ எல்லா வினைகளும் ஒரே குழந்தையைச் சாரும். தொல்காப்பிய வினையியல் பேசும் வினையெச்ச அடுக்கு தமிழில் இவ்விரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. வேறுபாட்டைக் கேட்போரின் உலகறிவு நிரப்பிவிடுகிறது. கணினிக்கு அவ்வறிவு இல்லை.

எனவே க்ளோஜர் இரண்டையும் தனித்தனி மேக்ரோக்களாகப் பிரித்துள்ளது. அம்புக்குறி மேக்ரோ ஒரு செயலின் விளைவை அடுத்த செயலின் முதல் உள்ளீடாக வைக்கும். 'டூடூ' மேக்ரோ பொருளை ஒரே ஒருமுறை உருவாக்கி, மறைவான ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, அதனையே ஒவ்வொரு செயலுக்கும் முதல் உள்ளீடாகத் தரும். செயல்களின் விளைவுகளைப் புறக்கணித்து, இறுதியில் அப்பொருளையே திருப்பித் தரும்.

இடமாறினால் நேர்வது

சொல்லடைவு ஒன்றினை ஜாவாவின் ஹாஷ்மேப்பில் தொகுப்பதாகக் கொள்வோம். அதன் 'புட்' என்னும் செயல், அச்சொல்லுக்கு முன்பிருந்த மதிப்பைத் திருப்பித் தரும். முன்மதிப்பு இல்லையெனில் வெறுமையைத் தரும். அம்புக்குறியைப் பயன்படுத்தினால், புதிய ஹாஷ்மேப்பில் முதற்சொல் சேர்ந்ததும் இரண்டாம் 'புட்'டிற்கு வெறுமையே சென்றடையும். நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். இங்குப் பொருந்துவது டூடூ.

இதன் மறுதலையே கூடுதல் இடர் தருவது. க்ளோஜரின் சொந்த அட்டவணையில் 'அசோக்' என்னும் சார்பினால் சொற்களைச் சேர்க்கும்போது டூடூவைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு புதிய அட்டவணையும் உருவான கணமே கைவிடப்பட்டு, தொடக்கத்திலிருந்த வெற்று அட்டவணையே மீளும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. நின்றுபோகும் நிரலைத் திருத்திவிடலாம்; பிழையின்றி ஓடி முடிந்து வெற்று அடைவைத் தரும் நிரலை ஐயுறுவதற்கே காலம் பிடிக்கும்.

ஜாவாவின் ஸ்ட்ரிங்பில்டர் இன்னொரு வகையில் மயக்கம் தரும். அதன் 'அப்பெண்ட்' செயல் அப்பொருளையே திருப்பித் தருவதால் இரு மேக்ரோக்களும் அதில் ஒன்றுபோல் இயங்குகின்றன. இவ்வொரு பொருளைக் கொண்டு மட்டும் பழகியவர் இரண்டும் ஒன்றே எனக் கருதிவிடக்கூடும்.

விளைவுகளைத் திரட்டுதல்

ஒரே மதிப்பைப் பல சார்புகளுக்குத் தந்து, எல்லா விளைவுகளையும் ஒருசேரப் பெற விரும்பினால் 'ஜக்ஸ்ட்' உதவும். இது பல சார்புகளை இணைத்து ஒரு புதிய சார்பை ஆக்கும். எண்ணிக்கை, முதல், இறுதி ஆகிய மூன்று சார்புகளை இணைத்துத் 'தமிழ்' என்னும் சொல்லுக்குத் தந்தால் 5, த, புள்ளி என மூன்று விளைவுகள் வரிசையாகக் கிடைக்கும். இலக்கணப்படி அச்சொல்லில் மூன்றே எழுத்துகள் உள்ளன. கணினியோ இகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. ஆகவே எழுத்தெண்ணிக்கையை நாடும் ஆய்வாளர், சொல்லை எழுத்துகளாகப் பகுக்கும் சார்பு ஒன்றை ஜக்ஸ்டிற்கு முன்னர் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.