ஒளியும் மூலிகையும்: தோல் லீஷ்மேனியாசிஸுக்குப் புதிய சிகிச்சைகள்

தோல் லீஷ்மேனியாசிஸ், மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோயாகும். இலங்கையில் அநுராதபுரம், பொலனறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை ஆகிய மாவட்டங்களில் இது அதிகம் காணப்படுகிறது. கடிபட்ட இடத்தில் பெரும்பாலும் நோவற்ற சிறு பரு தோன்றி, மெல்லப் பெருத்துப் புண்ணாகிறது.

இங்கு வழக்கிலுள்ள சிகிச்சைகள் இரண்டு: சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேற்று மருந்தைப் புண்ணிலேயே ஊசியால் செலுத்துதல், திரவ நைதரசனால் புண்ணை உறையவைத்தல். இவை பயன் தருபவை. ஆயினும் ஊசி வலி மிக்கது. பல தடவை கிளினிக்குக்கு வரவும் வேண்டும். எனவே எளிய வழிகள் ஆராயப்படுகின்றன.

ஒளிச் சிகிச்சை

அமினோலெவுலினிக் அமிலம் கலந்த களிம்பைப் புண்ணில் பூசிச் சில மணி நேரம் மூடிவைத்தபின், சிவப்பு ஒளி பாய்ச்சப்படுகிறது. களிம்பிலிருந்து தோலின் உயிரணுக்கள் ஒளியை ஈர்க்கும் பொருளொன்றை உண்டாக்குகின்றன. ஒளி பட்டதும் அதனால் தோன்றும் வீரியமிக்க ஒட்சிசன் அவ்வுயிரணுக்களை அழிக்கிறது. உள்ளிருக்கும் ஒட்டுண்ணி தங்குமிடத்தை இழக்கிறது. ஈரானில் நோயாளரிடம் நடத்தப்பட்ட சோதனையில் நல்ல பலன் கிடைத்தது. எனினும் சிகிச்சையின்போது எரிச்சல் உண்டாகும். தனிக் கருவியும் தேவை.

மூலிகைகள்

மஞ்சளிலுள்ள குர்குமின், பூண்டு முதலியவற்றின் சாறுகள் ஆய்வுகூடத்தில் ஒட்டுண்ணியைக் கொல்வதாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் இத்தகைய சோதனைகள் பலவற்றில் பயன்படுவது, ஈயின் உடலில் நீந்தித் திரியும் பருவத்து ஒட்டுண்ணியே. மனித உடலிலோ அது வெண்குருதி உயிரணுக்களுக்குள் மறைந்து வாழ்கிறது. கண்ணாடிக் குழாயில் கொல்லும் சாறு, தோலை ஊடுருவி அங்கே சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை.

ஒப்பீடு ஏன் தேவை?

இந்நோயின் சில வகைப் புண்கள் மாதங்கள் கழிந்தபின் தாமாகவே ஆறிவிடும். அக்காலத்தில் எதைப் பூசியிருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆகவேதான் நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் புதிய சிகிச்சையும் மற்றவருக்கு வழக்கமான சிகிச்சையும் அளித்து ஒப்பிடுகின்றனர். இத்தகைய ஆய்வில் சேர உங்களை அழைத்தால், விவரங்களைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். மறுக்கவும் இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு; அதனால் வழக்கமான சிகிச்சை தடைப்படாது.

நீங்கள் செய்யவேண்டியது

வாரக்கணக்கில் ஆறாத பருவோ புண்ணோ இருப்பின் தோல் நோய் கிளினிக்கில் காட்டுங்கள். அரைத்த மூலிகையைப் பூசிக் காத்திருந்தால் புண் பெருக்கலாம், கிருமித் தொற்று சேரலாம், நீங்காத வடு எஞ்சலாம். ஏற்கெனவே ஏதேனும் பூசியிருந்தால் தயங்காது வைத்தியரிடம் கூறுங்கள். நோயை உறுதிசெய்ய அது உதவும்.